பூக்கடையை மூடச் சொன்னவர்: இந்தோனேசியக் காவல்துறைத் தலைவர் ஹூகெங்கின் வீட்டுக் கதை

[திரையில்: மேடான் நகரின் பழைய கறுப்பு வெள்ளைப் படம்]

1950களின் நடுப்பகுதி. சுமத்ரா தீவின் வடக்கே இருக்கும் மேடான் நகரம். ஓர் அரசுக் குடியிருப்பின் வாசலில், தெருவோரமாக ஒரு பிரிட்ஜ் நிற்கிறது. அதன் பக்கத்தில் ஒரு பியானோ. கொஞ்சம் தள்ளி விலையுயர்ந்த நாற்காலிகள். எல்லாம் புத்தம் புதியவை, எல்லாம் வெயிலில் காய்கின்றன. போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். யாரோ வீட்டைக் காலி செய்கிறார்கள் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் அந்த வீட்டுக்காரர் அப்போதுதான் குடிவந்திருக்கிறார்.

அவர் பெயர் ஹூகெங். வடக்கு சுமத்ராவின் குற்றப் புலனாய்வுப் பிரிவுக்குத் தலைவராக மாற்றலாகி வந்த போலீஸ் அதிகாரி. தெருவில் கிடந்த பொருட்கள் அவர் வாங்கியவை அல்ல. அந்த ஊரின் சூதாட்ட முதலாளிகள் 'வரவேற்புப் பரிசாக' அனுப்பி வைத்தவை.

இந்த மனிதர் பின்னாளில் ஒரு முழு நாட்டின் காவல்துறைக்கும் தலைவரானார். பதவியில் இருந்தது சுமார் மூன்றரை ஆண்டுகள்தான். அவருக்கு முன்னும் பின்னும் எத்தனையோ தலைவர்கள் வந்து போயிருக்கிறார்கள். அவர்களில் பலரின் பெயரை இந்தோனேசியர்களே சட்டென்று சொல்ல மாட்டார்கள். ஹூகெங்கின் பெயரை மட்டும் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஏன் என்பதை இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம். அவருடைய அலுவலகத்தைவிட அவருடைய வீட்டுக்குள்தான் நாம் அதிகம் நுழையப் போகிறோம். காரணம் போகப் போகத் தெரியும்.

[திரையில்: ஜாவாவின் வரைபடம், வடகரையில் பெக்கலோங்கான்]

ஹூகெங் பிறந்தது 1921 அக்டோபர் 14ஆம் தேதி. ஊர், மத்திய ஜாவாவின் வடகடலோர நகரமான பெக்கலோங்கான். பாத்திக் துணிக்குப் பேர்போன ஊர். அன்று அது டச்சுக்காரர்களின் ஆட்சிக்கு உட்பட்ட பூமி.

பெற்றோர் வைத்த பெயர் இமாம் சாந்தோசோ. அப்படியானால் ஹூகெங் எங்கிருந்து வந்தது? குழந்தையாக இருந்தபோது அவர் நன்றாகக் கொழுகொழுவென்று இருந்தாராம். ஜாவா மொழியில் அப்படிப்பட்ட குழந்தையைச் செல்லமாக 'புகெல்' என்பார்கள். புகெல், வாய்க்கு வாய் மாறிப் 'புகெங்' ஆனது. புகெங், ஹூகெங் ஆனது. வளர்ந்த பிறகு ஆள் ஒடிசல். ஆனாலும் குண்டுப் பிள்ளைக்கு வைத்த செல்லப் பெயர்தான் அரசாங்க ஆவணம் வரை ஏறி உட்கார்ந்துகொண்டது. பட்டப்பெயர்கள் எல்லா ஊரிலும் இப்படித்தான், ஒட்டிக்கொண்டால் விடாது.

தந்தை சுகார்யோ கார்யோ ஹாத்மோஜோ. பெக்கலோங்கானில் தலைமை அரசு வழக்கறிஞர். தாய் உம்மி கல்சும். தந்தைக்கு நெருங்கிய நண்பர்கள் இருவர். ஒருவர் அத்திங் நத்தாதிகுசுமா, அவ்வூர்க் காவல்துறை அதிகாரி. இன்னொருவர் நீதித்துறையில் இருந்த சுப்ராப்தோ. சுதந்திரத்திற்குப் பிறகு இந்தோனேசியாவின் தலைமை அரசு வழக்கறிஞராக உயர்ந்தவர். ஆக, ஒரு வழக்கறிஞர், ஒரு போலீஸ் அதிகாரி, ஒரு நீதிபதி. சட்டத்தின் மூன்று முனைகளும் அந்த வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து பேசியிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பையனுடைய கண் அத்திங்கின் மீதுதான் போனது. போலீஸ் அதிகாரியாக வேண்டும் என்ற ஆசை அங்கே முளைத்ததுதான்.

படிப்பை வேகமாகக் கடந்துவிடலாம். பள்ளிப் படிப்பு டச்சு முறையில். பிறகு யோக்யகர்த்தாவில் மேல்நிலைக் கல்வி. 1940இல் பதாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், சட்டக் கல்லூரி. 1942இல் ஜப்பானியப் படை வந்தது, கல்லூரி மூடப்பட்டது. சட்டம் படிக்க முடியாமல் போன இளைஞர் ஜப்பானியர் நடத்திய போலீஸ் பயிற்சியில் சேர்ந்தார். போர் முடிந்து நாடு சுதந்திரம் அறிவித்தபோது, கொஞ்ச காலம் கடற்படையின் காவல் பிரிவிலும் வேலை பார்த்தார். கடைசியில் மறுபடியும் போலீஸுக்கே திரும்பினார்.

அந்தக் கொந்தளிப்பான நாட்களில்தான் யோக்யகர்த்தாவில் ஒரு வானொலி நாடகம். காதலர் இருவரின் கதை. காதலனாகக் குரல் கொடுத்தவர் ஹூகெங். காதலியாகக் குரல் கொடுத்த பெண்ணின் பெயர் மெரியாத்தி. எல்லோரும் அழைப்பது மேரி என்று. அவருடைய தந்தை ஜாவாக்காரர், மருத்துவர். தாய் ஐரோப்பிய வம்சத்தவர். ஒலிவாங்கிக்கு முன்னால் தொடங்கியது, 1946 அக்டோபர் 31இல் திருமணத்தில் முடிந்தது. மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள்.

1948 டிசம்பரில் டச்சுப் படை யோக்யகர்த்தாவைக் கைப்பற்றியபோது இந்தத் தம்பதி ஓர் உணவகத்தில் வேலை பார்த்துப் பிழைத்தது. வருங்காலக் காவல்துறைத் தலைவர் மேசைக்கு மேசை உணவு கொண்டுபோய் வைத்த காலம் அது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் குடும்பத்துக்கு இல்லாமை புதிதல்ல. பின்னால் வந்த இழப்புகளை அவர்கள் எதிர்கொண்ட விதத்துக்கு இந்த நாட்களின் பழக்கமும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

[திரையில்: மறுபடியும் மேடான், பெலாவான் துறைமுகம்]

இப்போது மேடானுக்குத் திரும்புவோம். தமிழர்களுக்கு இந்த ஊர் அந்நியமல்ல. டெலி பகுதியின் புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலியாட்களாகக் கப்பலேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். நகரத்தின் ஒரு பகுதிக்கே கம்போங் மெட்ராஸ் என்று பெயர். தோட்டமும் துறைமுகமும் இருக்கிற இடத்தில் பணம் புரளும். பணம் புரளும் இடத்தில் கடத்தலும் சூதும் இருக்கும். அன்றைய மேடானில் இரண்டும் கொழித்தன. அங்கே மாற்றலாகும் அதிகாரிக்கு அது ஒரு தேர்வு. பலர் அதில் தோற்றுத்தான் திரும்பினார்கள், பணக்காரர்களாக.

ஹூகெங் துறைமுகத்தில் இறங்கியதுமே ஆள் வந்துவிட்டது. வீடு தயார், கார் தயார், நீங்கள் வந்து உட்கார்ந்தால் போதும் என்றது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அரசுக் குடியிருப்பு தயாராகும் வரை குடும்பத்தோடு ஹோட்டலில் தங்கினார். குடியிருப்பு தயாராகி உள்ளே போனால், அங்கே முன்னதாகவே பொருட்கள் நிறைந்திருந்தன. பிரிட்ஜ், பியானோ, நாற்காலிகள். கொடுத்தவர்களை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அவர்கள் கேட்கவில்லை. பிறகுதான் எல்லாவற்றையும் தூக்கி வெளியே வைக்கும்படி ஆட்களுக்கு உத்தரவிட்டார்.

இந்தக் கதையை இந்தோனேசியாவில் ஆயிரம் முறை சொல்லியிருப்பார்கள். சொல்பவர்கள் அனைவரும் ஹூகெங்கின் முகத்தையே பார்க்கிறார்கள். எனக்கு வேறொரு கேள்வி வருகிறது. சிறு பிள்ளைகளோடு புது ஊருக்கு வந்த ஒரு தாய், வாசலில் பிரிட்ஜ் போவதைப் பார்த்தபடி நின்றிருக்கிறாரே, அவர் என்ன நினைத்தார்? 1950களில் பிரிட்ஜ் என்பது சாதாரண வீட்டுப் பொருளல்ல. நேர்மையான அதிகாரி என்று நாம் ஒருவரைப் பாராட்டும்போது, அந்த நேர்மைக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறவர்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் பெயர் வெளியே வருவதில்லை.

அதற்குச் சரியான உதாரணம் அடுத்த சம்பவம்.

[திரையில்: பூச்செண்டு, மெல்ல மூடப்படும் கடைக் கதவு]

1960களின் தொடக்கம். ஜகார்த்தா. அதிபர் சுகர்ணோவின் அரசு ஹூகெங்கைக் குடிநுழைவுத் துறையின் தலைவராக நியமிக்கிறது. பதவியேற்புக்கு முதல் நாள். சம்பளம் போதாமல் குடும்பச் செலவைச் சமாளிக்க மேரி ஒரு பூக்கடை நடத்திக்கொண்டிருக்கிறார். வியாபாரம் நன்றாகப் போகிறது. கணவர் வந்து கடையை மூடிவிடு என்கிறார்.

மேரிக்குப் புரியவில்லை. குடிநுழைவுத் துறைக்கும் பூக்கடைக்கும் என்ன சம்பந்தம்?

ஹூகெங்கின் விளக்கம் எளிமையானது. நாளையிலிருந்து கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் உன் கடையில்தான் பூ வாங்குவார்கள். பக்கத்துக் கடைக்காரர்களுக்கு அது நியாயமாகுமா?

கடை மூடப்பட்டது.

இந்தச் சம்பவத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். மேடானில் வந்தது வெளிப்படையான லஞ்சம். அதை மறுக்க மனவுறுதி இருந்தால் போதும். பூக்கடை அப்படியல்ல. யாரும் எதுவும் கேட்கவில்லை, யாரும் எதுவும் தரவில்லை. சட்டப்படி குற்றமே இல்லை. ஆனால் அதிகாரம் எந்தச் சந்து வழியாக வீட்டுக்குள் நுழையும் என்பதை அந்த மனிதர் ஒரு நாள் முன்னதாகவே பார்த்துவிட்டார். இன்று சட்டப் புத்தகங்கள் 'நலன் முரண்' என்று பக்கம் பக்கமாக விளக்குவதை அவர் ஒரு பூச்செண்டை வைத்தே புரிந்துவைத்திருந்தார். ஏற்கெனவே போலீஸ் துறை தந்த ஜீப் இருக்கிறதே என்று குடிநுழைவுத் துறையின் புதிய காரையும் வேண்டாமென்றார்.

1965இல் அரசு வருவாய்த் துறைக்கு அமைச்சரானார். அந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில் இந்தோனேசியாவில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியும், அதன் பின் நடந்த பெரும் படுகொலைகளும் தனிக் கதை. அதற்குத் தனி வீடியோ வேண்டும். நமக்கு இங்கே தேவையானது இவ்வளவுதான்: சுகர்ணோ சரிந்தார், ராணுவத் தளபதி சுகார்த்தோ எழுந்தார். சுகார்த்தோதான் 1968 மே மாதம் ஹூகெங்கைத் தேசியக் காவல்துறையின் தலைவராக்கினார்.

அன்றைய காவல்துறையின் நிலையையும் சொல்லியாக வேண்டும். அது ராணுவத்திலிருந்து பிரிந்த அமைப்பல்ல. தரைப்படை, கடற்படை, வான்படை, நான்காவதாகப் போலீஸ் என்று ஆயுதப்படைகளின் ஓர் உறுப்பு. 1999இல்தான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. எனவே காவல்துறைத் தலைவர் என்பவர் சட்டத்துக்கு மட்டும் பதில் சொல்லும் மனிதராக இருக்க முடியாது. அவருக்கு மேலே சீருடைகள் இருந்தன. சீருடைகளுக்கு மேலே ஒரு குடும்பம் இருந்தது, அதிபரின் குடும்பம்.

புதிய தலைவர் தம் வீட்டு வாசலில் காவலர் கூண்டு வைக்க விடவில்லை. அலுவலகம் போகும் வழியில் சாலைச் சந்திப்பில் நெரிசலைக் கண்டால், இறங்கி நின்று தாமே போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவார். மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று உத்தரவு போட்டு, அதற்காக நன்றாகத் திட்டும் வாங்கிக்கொண்டார். மாலையில் யுகுலேலே வாசித்துப் பாடுவார். 'ஹவாயியன் சீனியர்ஸ்' என்ற அவருடைய இசைக்குழு அரசுத் தொலைக்காட்சியில் தவறாமல் வரும். நாட்டின் காவல்துறைத் தலைவர் பூச்சட்டை போட்டுக்கொண்டு தொலைக்காட்சியில் பாடுகிறார் என்பது மக்களுக்குப் பிடித்திருந்தது. மேலிடத்துக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது வேறு விஷயம்.

[திரையில்: வெற்றுக் காகிதம், பேனா]

இனி, இந்தக் கதையில் எனக்கு நெருடலான இடம்.

ஹூகெங்கின் மகன் அதித்யாவுக்கு விமானப்படை அதிகாரியாக வேண்டும் என்று ஆசை. பயிற்சிக் கல்லூரியில் சேரப் பெற்றோரின் சம்மதக் கடிதம் தேவை. அப்பா நாட்டின் காவல்துறைத் தலைவர், ஒரு கையெழுத்து. மகன் கேட்டார். அப்பா பார்க்கலாம் என்றார். நாட்கள் போயின. மறுபடியும் கேட்டார், மறுபடியும் காத்திருக்கச் சொன்னார். விண்ணப்பத் தேதி முடிந்துவிட்டது. கையெழுத்து கிடைக்கவில்லை.

ஹூகெங் பின்னர் சொன்ன காரணம்: என் கையெழுத்தைப் பார்த்தால் உன் தகுதியைப் பார்க்க மாட்டார்கள், காவல்துறைத் தலைவரின் மகன் என்றே உன்னைச் சேர்த்துக்கொள்வார்கள்.

அவருடைய அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பூக்கடையும் இந்தக் கையெழுத்தும் ஒன்றல்ல என்பது என் கருத்து. மேரியிடம் காரணத்தைச் சொல்லிக் கடையை மூடச் சொன்னார். முடிவில் அவருக்கும் பங்கு கிடைத்தது. மகனிடம் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லாமல், தேதி கடந்து போகும்படி விட்டுவிட்டார். கையெழுத்துக் கேட்ட மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் அவரவர் அப்பா போட்டுக் கொடுத்த அதே கையெழுத்துதான் அது. சலுகையைத் தடுக்கப்போய் உரிமையையும் சேர்த்துத் தடுத்துவிட்டார். மகன் பின்னாளில் இதைக் கசப்பில்லாமல்தான் பொதுவெளியில் நினைவுகூர்ந்தார். அது மகனின் பெருந்தன்மை.

[திரையில்: யோக்யகர்த்தா, 1970]

1970 செப்டம்பர். யோக்யகர்த்தாவில் முட்டை விற்றுப் பிழைக்கும் ஓர் ஏழை இளம்பெண்ணைக் காரில் இழுத்துப்போட்டுக் கொண்டுபோய்ச் சிலர் சேர்ந்து பாலியல் வன்கொடுமை செய்தார்கள். போலீஸில் அந்தப் பெண் புகார் கொடுத்தார். குற்றவாளிகளைத் தேட வேண்டிய போலீஸ், பொய்ப் புகார் கொடுத்ததாக அந்தப் பெண் மீதே வழக்குப் போட்டது. நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அதற்குள் செல்வாக்குள்ளவர்களின் பிள்ளைகள் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள் என்ற பேச்சு நாடெங்கும் பரவிவிட்டது.

ஹூகெங் தலைமையகத்திலிருந்து தனி விசாரணைக் குழு அமைத்தார். யார் பிள்ளையாக இருந்தாலும் அஞ்சப் போவதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். வழக்கு வளர வளர, அதிபர் சுகார்த்தோவே தலையிட்டார். விசாரணை ஹூகெங்கின் கையிலிருந்து எடுக்கப்பட்டு, அரசியல், பாதுகாப்பு விவகாரங்களைக் கவனிக்கும் அமைப்பின் கைக்குப் போனது. ஒரு பாலியல் குற்ற வழக்கு எப்படிப் பாதுகாப்பு விவகாரம் ஆகும்? யாரும் பதில் சொல்லவில்லை. உண்மைக் குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டதாக அந்த நாடு இன்றுவரை நம்பவில்லை.

அதே காலத்தில் சொகுசுக் கார் கடத்தல் கும்பல் ஒன்றையும் ஹூகெங் துரத்திக்கொண்டிருந்தார். அந்த நூலும் பெரிய இடங்களை நோக்கியே போனது.

1971 அக்டோபர் 2. ஹூகெங் பதவியிலிருந்து விடுவிக்கப்பட்டார். இளையவர்களுக்கு வழிவிட வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். அன்று அவருக்கு ஐம்பது வயது நிறைய இன்னும் 12 நாட்கள் இருந்தன.

பெல்ஜியத்துக்குத் தூதராகப் போங்கள் என்றார்கள். வேண்டாதவர்களைத் தூதராக்கிக் கடல் தாண்டி அனுப்புவது அந்த ஆட்சியின் வழக்கம். ஹூகெங் மறுத்தார். வீட்டுக்குப் போய்த் தாயிடம் செய்தியைச் சொன்னபோது, வேலையை நேர்மையாகவே முடித்துவிடு, உப்பைத் தொட்டுக்கொண்டு சோறு சாப்பிட நம்மால் முடியும் என்று உம்மி கல்சும் சொன்னதாகக் குடும்பத்தார் நினைவுகூர்கிறார்கள். அரசு வழக்கறிஞர் ஒருவரின் மனைவியாக வாழ்ந்த அந்தத் தாய்க்கு, பதவி போவது என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பதவி இறங்கியபோது அவரிடம் சொந்தக் கார் இல்லை. அவருக்குக் கீழே வேலை பார்த்த அதிகாரிகள் தங்களுக்குள் பணம் திரட்டி ஒரு ஹோல்டன் காரை வாங்கிக் கொடுத்தார்கள். ஓவியம் வரைவது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. இப்போது அது வருமானமும் ஆனது. தொலைக்காட்சியில் பாடுவது கொஞ்ச காலம் தொடர்ந்தது, பிறகு அதுவும் நிறுத்தப்பட்டது.

1980 மே மாதம், சுகார்த்தோவைக் கண்டித்து ஐம்பது பிரமுகர்கள் ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். 'பஞ்சசீலா' என்ற அரசுக் கொள்கையை அதிபர் தமக்கு வேண்டாதவர்களை அடக்கும் கருவியாகப் பயன்படுத்துகிறார் என்பது குற்றச்சாட்டு. முன்னாள் ராணுவத் தளபதி நசுத்தியோன், ஜகார்த்தாவின் முன்னாள் ஆளுநர் அலி சாடிக்கின், முன்னாள் பிரதமர் முகமது நாட்சிர் ஆகியோரின் பெயர்களோடு ஹூகெங்கின் பெயரும் இருந்தது. மகனுக்குப் போடாத கையெழுத்தை இங்கே போட்டார். விளைவு உடனே தெரிந்தது. மனுவில் பெயர் இருந்தவர்களின் வெளிநாட்டுப் பயணம் தடுக்கப்பட்டது, பத்திரிகைகளில் அவர்கள் பெயர் வரக்கூடாது என்றானது. தாம் தலைமை தாங்கிய காவல்துறையின் ஆண்டு விழாவுக்குக்கூட அவர் விரும்பத்தகாத விருந்தினர் ஆனார்.

[திரையில்: வேகத்தடை ஏறி இறங்கும் வாகனம்]

சுகார்த்தோ 1998இல் விழுந்தார். அடுத்த ஆண்டு அப்துர் ரஹ்மான் வாஹித் அதிபரானார். 'குஸ் துர்' என்று மக்கள் அழைத்த அவர் நகைச்சுவைக்குப் பேர்போனவர். அவர் சொன்னதாக வழங்கும் ஒரு துணுக்கு இது: இந்தோனேசியாவில் நேர்மையான போலீஸ் மூன்றே பேர். ஒருவர் சிலையாக நிற்கும் போலீஸ். இன்னொருவர் 'தூங்கும் போலீஸ்'. அந்நாட்டு மொழியில் சாலை வேகத்தடைக்கு அதுதான் பெயர். மூன்றாமவர் ஹூகெங்.

இது ஹூகெங்கைப் பாராட்டும் துணுக்கு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கொஞ்சம் யோசித்தால், அவர் தலைமை தாங்கிய துறைக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. தலைவர் நேர்மையாக இருந்தும் துறை மாறவில்லை என்பதுதான் இதில் ஒளிந்திருக்கும் செய்தி. அந்த யோக்யகர்த்தா வழக்கைக்கூட அவரால் தம் கையில் வைத்துக்கொள்ள முடியவில்லையே. 2022 முதல் அதே காவல்துறை, ஓர் ஊடக நிறுவனத்தோடு சேர்ந்து, நல்ல போலீஸாருக்கு 'ஹூகெங் விருது' வழங்கி வருகிறது. உயிரோடு இருந்தபோது விழாவுக்கு அழைக்காதவரின் பெயரில் இப்போது விழாவே நடக்கிறது.

ஹூகெங் 2004 ஜூலை 14 அன்று, 82ஆம் வயதில் காலமானார். அடக்கம் நடந்தது போகோர் அருகேயுள்ள ஒரு பொது மயானத்தில். ஜகார்த்தாவில் வீரர்களுக்கென்று இருக்கும் காலிபாத்தா மயானத்தில் அல்ல.

அவருடைய ஓய்வூதியக் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. 2001 வரை நாட்டின் முன்னாள் காவல்துறைத் தலைவருக்கு மாதம் கிடைத்தது 10,000 ருபியா. 1997 நெருக்கடியில் ருபியாவின் மதிப்பு சரிந்த பிறகு, ஒரு அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய இவ்வளவு கொடுக்க வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து யாரோ கவனித்து, அதை 11 லட்சத்துக்குச் சற்று மேல் உயர்த்தினார்கள். வீட்டுக் கணக்கை எப்போதும் போல மேரிதான் பார்த்துக்கொண்டார். புதிய தொகையை அவர்கள் இருவரும் சேர்ந்து செலவழித்தது மூன்றே ஆண்டுகள்.